நால்வர் சுமையை ஒருத்தி சுமப்பதா?



நோயாளியைச் சுகம் விசாரிக்கச் செல்வது நம்மீதுள்ள உரிமைகளில் ஒன்று. நோயாளி எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்று இதில் பார்ப்பதில்லை. தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவனது வீட்டுக்கே சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த எண்ணத்தோடுதான் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பின்னேரம் உருத்திரபுரத்துக்குப் போனேன்.

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வாழும் வயல் கிராமம் அது. என்னோடு நன்கு பழகிய தமிழ் ஆசிரியர் ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. அவருடைய தாயார் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். நண்பரின் மனைவி அரச வைத்தியசாலை ஒன்றில் தாதி. எந்த வைத்தியசாலை என்பது நமக்கு வேண்டியதில்லை.

நானும் நண்பரும் கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இரவுக் கடமை முடித்து வந்து சிறிது நேரமே தூங்கி எழுந்த அந்தச் சகோதரி, மாமியாரின் கட்டிலருகே போனார். தாழ்ந்த கட்டில். இடுப்பை வளைத்துக் குனிந்து, கிழவியின் இரண்டு கமக்கட்டுகளுக்கும் கீழே கைகளைக் கொடுத்து, ஒரே மூச்சில் மேலே இழுத்துத் தலையணையில் சாய்த்தார். நிமிரும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.

"என்ன தங்கச்சி, இடுப்பு வலியா?" என்று கேட்டேன்.

"நாரி நோகுது சேர். எங்கட வேலையில இது புதுசே?" என்று சிரித்தார். அந்தப் பக்கத்தில் இடுப்பின் பின்புறத்துக்கு 'நாரி' என்பார்கள்.

கட்டிலிலிருந்து அந்தத் தாய் மெல்லச் சொன்னார்: "பிள்ளைக்கு ஏலாது. நான் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு நிம்மதி."

சகோதரிகளே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது வேறொன்று. உடம்பில் பலமுள்ள இரண்டு ஆண்கள் கதிரையில் இருந்தோம். ஒரு பெண் தனியே தூக்கினாள். அவளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் கூட எங்களுக்கு வரவில்லை. காரணம், அது 'அவளுடைய வேலை' என்று நாங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டோம்.

இம்மாதம் அந்த நாரி நோவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தச் சகோதரியின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். இது தாதியருக்கு மட்டும் உரிய விஷயமல்ல. நம் வீடுகளிலும் உம்மாவை, மாமியை, நோயுற்ற கணவரை, நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிக் கிடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த தலைமுறையில் அன்று நாற்பது, ஐம்பது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். அன்று அவர்கள் கையைப் பிடித்து வந்த பிள்ளைகளே இன்று அவர்களைத் தூக்குகிறார்கள்.

ஒட்டகத்தின் முதுகு

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குச் சென்றார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது, கண்ணீர் வடித்தது. நபியவர்கள் அதைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். பின்பு அதன் சொந்தக்காரர் யார் என்று விசாரித்து, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அந்தப் பிராணி முறையிடுகிறது என்று அவரைக் கண்டித்தார்கள். அபூதாவூதில் பதிவான சம்பவம் இது.

வாயில்லாத ஒட்டகத்தின் முதுகைப் பற்றி விசாரித்த நபியின் உம்மத்து நாம். வாயுள்ள பெண்ணின் முதுகைப் பற்றி என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

பணியாட்களைப் பற்றி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன உபதேசத்திலும் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, அவர்களின் சக்திக்கு மீறிய வேலையைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, அப்படிக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்தவரும் கைகொடுக்க வேண்டும். நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இதை நல்லொழுக்கப் பாடமாக மட்டுமே விளங்கியிருந்தேன். இப்போது யோசித்தால் இதற்குள் ஒரு கணக்கும் இருப்பது தெரிகிறது. சக்தி எவ்வளவு என்று தெரியாமல், மீறியதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஆகவே அளந்து பார்ப்பதும் இந்த உபதேசத்தைப் பின்பற்றுவதில் சேரும்.

துலாவும் முள்ளந்தண்டும்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய கிணறுகளில் துலா இருந்தது. ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. நீளமான பக்கத்தின் நுனியில் தொங்கும் சிறிய வாளிக்குச் சமமாக, குட்டைப் பக்கத்தில் பெரிய பாரத்தைக் கட்டுவார்கள்.

நம் முதுகும் குனியும்போது ஒரு துலாவாகிவிடுகிறது. முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளே அச்சு. முதுகுத் தசைகள் அந்த அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து இழுக்கின்றன. நாம் கையை நீட்டித் தூக்கும் பாரமோ அச்சுக்கு முன்னால் 50 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கலாம். அப்போது கையில் 15 கிலோ என்றால், அதை ஈடுசெய்யத் தசை 150 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த நம் மேலுடம்பின் பாரம் இதற்கு மேல் வேறு. அத்தனையும் சேர்ந்து இடுப்பின் கடைசித் தட்டுகளில்தான் அமுங்குகிறது.

சுவீடன் நாட்டு எலும்பு வைத்தியர் அல்ஃப் நாகெம்சன் 1960களில் தொடங்கி, இந்தத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், மல்லாந்து படுக்கும்போது அது 25 ஆகக் குறைந்தது. முன்னால் சாய்ந்தபோது 150 ஆனது. சாய்ந்தபடியே பாரத்தையும் தூக்கியபோது 220 ஆக ஏறியது. தாழ்ந்த கட்டிலில் கிடக்கும் நோயாளியைத் தூக்குவது இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

எவ்வளவு பாரம் தாங்கும்?

தொழில் செய்வோரின் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்கத் தேசிய நிறுவனம், தட்டின் மீது ஏறக்குறைய 350 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தத்தை (3400 நியூற்றன்) எச்சரிக்கை எல்லையாக வைத்தது. 1991இல் அது திருத்தி அமைத்த கணக்குப்படி, எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தால்கூடத் தூக்கத் தக்க அளவு 23 கிலோ.

ஆனால் அது பெட்டிக்கான கணக்கு. பெட்டி அசையாது, பயந்து கழுத்தைக் கட்டிப் பிடிக்காது, பாதி வழியில் கால் மடங்கி விழாது. மனிதர் அப்படியல்ல. ஆகவே அதே நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 2007இல் நோயாளிகளுக்குத் தனியாகக் கணக்கிட்டு, 16 கிலோவுக்கு மேல் ஒருவர் கையால் தூக்கக் கூடாது என்று எழுதினார். அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திடீரென்று அசையாமல், தூக்குபவரின் உடம்போடு ஒட்டினாற்போல் இருந்தால்தான்.

16 கிலோ என்பது எவ்வளவு? 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே 9 முதல் 10 கிலோ வரும். இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினாலே எல்லை தாண்டிவிட்டது. முழு மனிதரைத் தனியே தூக்கும் பெண்ணின் நிலையை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

"முறையாகத் தூக்கினால் ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மராஸ் குழுவினர் 1999இல் இதைச் சோதித்தார்கள். நோயாளியைத் தூக்கும் பல முறைகளையும் அளந்து பார்த்தபோது, இருவர் சேர்ந்து தூக்கும்போதுகூட முதுகுக்கு ஆபத்து நீங்கவில்லை. தனியே தூக்குவது இன்னும் மோசம். 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பும், தூக்கும் முறையைப் படிப்பிப்பதால் மட்டும் முதுகு வலியைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. எனவே வலி வந்தவளைப் பார்த்து, "உனக்குத் தூக்கத் தெரியவில்லை" என்று குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அவர்கள் எப்படி அளக்கிறார்கள்?

தாதியரின் முதுகைச் சோதிக்க உலகில் பல அளவுகோல்கள் உண்டு. அவை மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன.

முதலாவது, வலி. 1987இல் வட ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரு வினாத்தாளை அமைத்தார்கள். உடம்பின் படத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் வலி வந்ததா, கடந்த 7 நாட்களில் வந்ததா, அதனால் வேலை தடைப்பட்டதா என்று கேட்பார்கள். 1980இல் இங்கிலாந்தில் வெளியான ஒஸ்வெஸ்ட்ரி வினாத்தாள், வலியினால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியது என்று 10 தலைப்புகளில் கேட்கிறது. உடுத்துவது, தூக்குவது, நடப்பது, இருப்பது, நிற்பது, தூங்குவது, பிரயாணம் செய்வது ஆகியவை அவற்றில் சில.

இரண்டாவது, உடம்பின் நிலை. 2000ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ரீபா' என்ற முறையில், வேலை செய்பவரை ஒருவர் பார்த்துப் புள்ளி இடுவார். முதுகு எத்தனை பாகை வளைந்தது, திரும்பி முறுகியதா, முழங்கால் மடிந்ததா, கையில் எவ்வளவு பாரம் என்றெல்லாம் பார்த்து 1 முதல் 15 வரை புள்ளி வரும். 11 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த வேலை முறையை உடனே மாற்ற வேண்டும் என்பது பொருள்.

மூன்றாவது, வாட்டு. என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். இத்தாலியில் மிலான் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய 'மாப்போ' என்ற கணக்கு, தாதியின் பலத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. வாட்டில் தாமாக அசைய இயலாத நோயாளிகள் எத்தனை பேர், ஓரளவு அசைபவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்க்க ஊழியர் எத்தனை பேர், தூக்கும் கருவி உண்டா, சக்கர நாற்காலிகள் போதுமா, மலசலகூடத்தில் திரும்ப இடம் உண்டா, பயிற்சி கொடுத்தார்களா என்றே கேட்கிறது. விடை 1.5க்குள் இருந்தால் பச்சை. 5 வரை மஞ்சள். 5ஐத் தாண்டினால் சிவப்பு.

அதாவது வலி இருப்பது தாதியின் இடுப்பில். அதன் காரணத்தை வாட்டில் தேடுகிறார்கள். நம் வீடுகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மருமகள் பொறுமைசாலியா, சோம்பேறியா என்று கேட்பதை விட்டுவிட்டு, கட்டில் எவ்வளவு உயரம், வீட்டில் எத்தனை கைகள், அவற்றில் எத்தனை கைகள் தூக்குகின்றன என்று கேட்க வேண்டும்.

இலங்கை, பாகிஸ்தான், ஈரான், லெபனான் உட்பட 18 நாடுகளில், தாதியரும் அலுவலக ஊழியருமே பெரும்பான்மையாக இருந்த 12,426 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு மாத காலத்தில் அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு இடுப்பு வலி கண்ட தாதியர், குறைந்த இடத்தில் 100க்கு 9.6 பேர், கூடிய இடத்தில் 42.6 பேர். தூக்கும் பாரத்தோடு, வேலையிடத்து மன அழுத்தமும், வலியைப் பற்றிய அச்சமும் இதில் பங்கு வகிப்பதை அந்த ஆய்வு காட்டியது. மனக்கவலையும் முதுகில் வந்து சேர்கிறது.

உருத்திரபுரத்துச் சகோதரியிடம் இதைச் சொன்னபோது அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 2008 இறுதியில் யுத்தம் நெருங்கிக் கிளிநொச்சி வைத்தியசாலையும் சனங்களோடு சேர்ந்து கிழக்கே இடம்பெயர்ந்தபோது, அவர் இருபது வயதுத் தொண்டர். தள்ளுவண்டி இல்லாத இடங்களில் காயப்பட்டவர்களைச் சாறத்திலும் சாக்கிலும் கிடத்தித் தூக்கியதாகச் சொன்னார். "அப்ப நாலு பேர் பிடிப்பம் சேர். இப்ப ஒருத்திதான்" என்றார். அந்த யுத்தத்தில் முள்ளந்தண்டு வடம் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் வன்னியில் பலர். அவர்களுக்காக மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பே இயங்குகிறது. அப்படியான ஒருவர் இருக்கும் வீட்டில் அவரைத் தூக்கும் தாய்க்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. தூக்கும் பாரம் குறைவதில்லை.

வீட்டிலே ஒரு கொப்பி

சகோதரிகளே, நீங்கள் ஒரு நோயாளியைப் பராமரிப்பவராக இருந்தால் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு கிழமைக்கு இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்:

1. இன்று இடுப்பில் வலி இருந்ததா? 0 முதல் 10 வரை எத்தனை?

2. வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்கு இறங்கியதா? கால் மரத்ததா?

3. வலியால் தூக்கம் கெட்டதா? தொழுகையில் ருகூஉவும் ஸுஜூதும் சிரமமாக இருந்ததா? தண்ணீர் வாளி தூக்க முடிந்ததா?

4. இன்று நோயாளியை எத்தனை தடவை தூக்கினேன், மேலே இழுத்தேன், புரட்டினேன்?

5. அவற்றில் எத்தனை தடவை தனியாகச் செய்தேன்?

6. எந்த வேலையின்போது வலி கூடியது? கட்டிலிலா, குளியலறையிலா, கதிரைக்கு மாற்றும்போதா?

7. அந்த வேலையில் நோயாளி தாமாகச் செய்யக்கூடியது ஏதாவது இருந்ததா?

ஒரு கிழமை முடிந்ததும் இந்தக் கொப்பியைக் கணவரிடமும் மச்சான்மாரிடமும் காட்டுங்கள். "எனக்கு ஏலாது" என்று சொன்னால் சண்டையாகத் தோன்றலாம். "நேற்று 11 தடவை, அதில் 11ம் தனியாக" என்று காட்டினால் மறுப்பதற்கு இடமில்லை. உருத்திரபுரத்து வீட்டில் வந்த கணக்கு இதுதான். வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ போகும்போதும் இந்தக் கொப்பி உதவும்.

சுமையைக் குறைக்கும் வழிகள்

கட்டிலை உயர்த்துங்கள். எழுந்து உட்காரவே இயலாதவரின் கட்டில், பராமரிப்பவரின் இடுப்பளவுக்கு இருப்பது நல்லது. உறுதியான மரக்கட்டைகளைக் கால்களுக்குக் கீழே, நழுவாதபடி குழி வெட்டி வைக்கலாம். விழுந்துவிடாமல் பக்கத்தில் தடுப்பும் வேண்டும். காலை ஊன்றி எழக்கூடியவருக்குப் பாதம் நிலத்தில் படும் உயரமே சரி.

தூக்காமல் வழுக்குங்கள். நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை ஒரு விரிப்பைக் குறுக்கே இட்டு, இருபுறமும் இருவர் அதைச் சுருட்டிப் பிடித்து, தலைமாட்டைத் தாழ்த்திய பின் மேலே நகர்த்தலாம். கீழே வழுவழுப்பான நைலோன் துணி இருந்தால் இன்னும் இலகு.

கமக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தூக்குபவரின் இடுப்புக்கு மட்டுமல்ல, பாரிசவாத நோயாளியின் தளர்ந்த தோள் மூட்டுக்கும் அது கேடு. உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிக்கவும் விடாதீர்கள்.

புரட்டும்போது, நோயாளியின் தூரத்து முழங்காலை மடித்து, தூரத்துக் கையை மார்பின் மேல் வைத்து, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்கள் பக்கமாக உருட்டுங்கள். மடித்த கால் பாதி வேலையைச் செய்துவிடும்.

கதிரைக்கு மாற்றும்போது கதிரையை நோயாளியின் நல்ல பக்கத்தில் வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அவரை முன்னால் சாயச் சொல்லி அவரது காலையே வேலை செய்ய வையுங்கள். இயன்றதைத் தாமே செய்வது அவருக்கும் கண்ணியம். விழப் போனால் தாங்கிப் பிடிக்கப் போராடாமல், மெல்ல நிலத்தில் இறக்கிவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

இடுப்புப் பட்டி கட்டினால் போதும் என்று நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலில், பட்டியைச் சிபாரிசு செய்யவில்லை. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய விளக்கத்தையும் சிபாரிசு செய்கிறது. சாதாரண இடுப்பு வலிக்கு நாட்கணக்கில் படுத்துக் கிடப்பதும் நல்லதல்ல. பாரம் தூக்குவதை நிறுத்தி, இயன்றவரை நடமாடுவதே நலம்.

சில அறிகுறிகள் தோன்றினால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் போகாமல் தடைப்படுவது அல்லது அடக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போவது, கால் பலமிழந்து இழுபடுவது ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இதை வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் கண்ட சரித்திரம் இருந்தாலும் விரைவில் வைத்தியரைக் காணுங்கள். கர்ப்பிணிகளையும், பிரசவித்துச் சில மாதமே ஆனவர்களையும் நோயாளியைத் தூக்க விடவே கூடாது.

வலியால் குனிய இயலாதவர் கதிரையில் இருந்து தொழுவதில் குற்ற உணர்வு வேண்டாம். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்களே அந்தச் சலுகையைக் காட்டிக் கொடுத்தார்கள்.

யாருடைய கடமை?

ஒரு சம்பவத்தை நம் பயான்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். யமன் நாட்டவர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்தபடி கஃபாவைத் தவாப் செய்தார். தாய்க்குச் செய்ய வேண்டிய கடனைத் தீர்த்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பிரசவ வேதனையில் அவள் விட்ட ஒரு பெருமூச்சுக்கும் அது ஈடாகாது என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நாம் யாருக்குச் சொல்கிறோம்? பெரும்பாலும் மருமகள்மாருக்கு. ஆனால் அந்தத் தாயைச் சுமந்தவர் யார்? மகன்!

பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளுடையது, ஆணானாலும் பெண்ணானாலும். மாமனார் மாமியாருக்கு மருமகள் செய்வது அவளுடைய இஹ்ஸான். அவளுக்கு அதற்கு அல்லாஹ்விடம் பெருங்கூலி உண்டு. அதை அவள் மீது விதியாக்கிவிட்டுப் பிள்ளைகள் ஒதுங்கிக் கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. தாயைத் தூக்க மகனுக்கு எந்தத் தடையும் இல்லை, அவர் மஹ்ரம். உடம்பை மறைத்து, சுத்தம் செய்யும் வேலையைப் பெண்கள் செய்ய, தூக்கும் வேலையை ஆண்கள் செய்யலாம். "பெண்கள் விஷயம்" என்று சொல்லி நழுவுவது பேணுதலில் சேராது.

வைத்தியசாலைத் தாதியரையும் மறவாதீர்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள் என்பது சரித்திரம். நோயாளியோடு வைத்தியசாலையில் நிற்க நேர்ந்தால், தாதி தனியே தூக்குவதைப் பார்த்துக்கொண்டிராமல், எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டு ஒரு கை கொடுங்கள்.

பள்ளிவாசலின் பங்கு

கடைசியாக, ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக் இருக்கிறது. ஒரு மரணம் நிகழ்ந்தால் தோள் கொடுக்க ஆண்கள் முந்திக்கொண்டு வருகிறார்கள். நான்கு பேர் பிடிக்க, நான்கு பேர் மாற்றக் காத்திருக்கிறார்கள். அது நல்ல விஷயம், அதற்குப் பெரும் நன்மை உண்டு. ஆனால் அதே உடம்பு, உயிரோடு இருந்த இரண்டு வருடமும் ஒரே ஒரு பெண்ணின் இடுப்பிலே தொங்கியதே! அப்போது அந்தத் தோள்கள் எங்கே இருந்தன?

சந்தூக் வைத்திருக்கும் அறையிலேயே ஒரு சக்கர நாற்காலி, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய ஒரு கட்டில், ஒரு கொமோட் கதிரை, சில வழுக்குத் துணிகள் வாங்கி வைக்கலாம். தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துத் தேவை முடிந்ததும் திருப்பி எடுக்கலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், வீட்டாரின் சம்மதத்தோடு அயலிலுள்ள பெண்கள் காலையிலும் மாலையிலும் முறைவைத்துப் போய் ஒரு தடவை பிடித்துக் கொடுக்கலாம். பத்து நிமிட வேலை.

உருத்திரபுரத்துக்கு மீண்டும் ஒருமுறை போயிருந்தேன். கட்டில் கால்களின் கீழே பாலை மரக்கட்டைகள். காலையும் மாலையும் தாயைத் தூக்குவது இப்போது நண்பரின் பொறுப்பு. தனியாகத் தூக்கும் கணக்கு 11இலிருந்து 4க்கு இறங்கிவிட்டதாக அந்தச் சகோதரி கொப்பியைக் காட்டினார். வலி முழுதாகப் போகவில்லை. வாட்டில் நிலைமை மாறவும் இல்லை. ஆனால் அந்தத் தாய் இம்முறை, தான் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. மகன் தூக்கும்போது கூச்சத்தோடு சிரித்து, "சின்னனில நான் இவனைத் தூக்கினது" என்றார். தூக்கிக் கிடத்த விரிப்பின் மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

நம் பெற்றோரின் முதுமையைக் கண்ணியப்படுத்தவும், அவர்களைச் சுமப்போரின் சுமையில் பங்கெடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.